அவசரப் பைக்குள் ஒரு சின்ன டோர்ச்

"உங்கள் வீட்டில் டோர்ச் இருக்கிறதா?" என்று கேட்டால், "இருக்கிறது" என்றுதான் அநேகமாக எல்லோரும் சொல்வீர்கள். "எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் சற்று யோசிப்பீர்கள். அலுமாரிக்கு மேலே இருக்கலாம்; குசினி லாச்சிக்குள் இருக்கலாம்; பிள்ளைகள் எடுத்து விளையாடிவிட்டு எங்கேயாவது போட்டிருக்கலாம். "அதற்குள் பற்றரி இருக்கிறதா? கடைசியாக எப்போது எரித்துப் பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பலரிடமிருந்து பதில் வராது.

பகல் நேரத்தில் இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயம்தான். ஆனால் நள்ளிரவில் மழை கொட்டுகிறது, கறண்ட் போய்விட்டது, வெளியே யாரோ கதவைத் தட்டி "தண்ணீர் வருகிறது, வெளியே வாருங்கள்" என்று கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கையில் குழந்தை; மறு கை வயதான மூத்தம்மாவின் தோளில். படியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு வெளிச்சம் வேண்டும். அந்த நேரத்தில் அலுமாரிக்கு மேலே கிடக்கும் டோர்ச்சினால் எந்தப் பயனும் இல்லை.

வீட்டை விட்டு அவசரமாக வெளியேற நேர்ந்தால் கையோடு எடுத்துச் செல்லும் பையை அவசரப் பை என்கிறோம். அந்தப் பைக்குள் வைப்பதற்கு ஏற்ற ஒரு சிறிய டோர்ச்சை எப்படித் தெரிவு செய்வது என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரை பேசுகிறது.

இருட்டு முதலில் வருகிறது

எமது நாட்டில் இத்தகைய ஏற்பாடு தேவைதானா என்று சிலர் நினைக்கலாம். நடந்தவற்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியின் இரவை அப்பகுதியின் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தது. 2017 மே மாத இறுதியில் களுத்துறை, இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் பெய்த பெருமழையிலும் மண்சரிவிலும் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது இந்தத் தொகை அறுநூறையும் தாண்டியது. மலைநாட்டில் எத்தனையோ குடும்பங்கள் உடுத்த உடுப்போடு வெளியேறின.

அனர்த்தம் எதுவாக இருந்தாலும் முதலில் போவது கறண்ட்தான். சில வேளைகளில் அதற்கு அனர்த்தம்கூடத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. ஒரு குரங்கினால் நாடே இருளலாம் என்றால், ஒரு வீடு தன் வெளிச்சத்துக்குத் தானே பொறுப்பாக இருப்பதில் தவறென்ன?

அவசரப் பையில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றின் பிரதிகள், வழமையாகக் குடிக்கும் மருந்து, கொஞ்சம் காசு, தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், ஒரு விசில் என்று பல பொருட்கள் இருக்கும். இவையெல்லாம் இருந்தும் வெளிச்சம் இல்லாவிட்டால் எந்த மாத்திரை யாருடையது என்றுகூடப் பார்க்க முடியாது. பைக்குள் இருக்கும் மற்றப் பொருட்களைப் பயன்படுத்த வைக்கும் பொருள் டோர்ச். ஆகவே அதைத் தெரிவு செய்வதில் கொஞ்சம் கவனம் எடுப்பது நியாயம்தானே.

மெழுகுவர்த்தி போதாதா?

மெழுகுவர்த்தியும் குப்பி விளக்கும் எமது வீடுகளுக்குப் பழக்கமானவை. ஆனால் குப்பி விளக்கு எத்தனை உடல்களைச் சுட்டிருக்கிறது என்பது வைத்தியசாலையின் தீக்காய வாட்டுகளில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஒல்லியான போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு ஒரு தட்டில் கவிழ்ந்துவிடும். இதைக் கண்டு மனம் வருந்திய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கவிழாத ஒரு விளக்கை உருவாக்கினார். குட்டையான, கனமான, இரு பக்கமும் தட்டையான கண்ணாடிப் போத்தல். திருகி மூடும் மூடி. விழுந்தாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. இதற்காக 1998 ஆம் ஆண்டு அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

எவ்வளவு பாதுகாப்பான விளக்காக இருந்தாலும் மழையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வெள்ளமோ மண்சரிவோ வந்த வீட்டில் கேஸ் சிலிண்டர் கவிழ்ந்து கேஸ் கசிந்திருக்கலாம். அங்கே தீக்குச்சி உரசுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. அப்படியான வீட்டுக்குள் நுழைவதற்கு முன் டோர்ச்சைக்கூட வெளியே நின்றே எரிய விட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். சுவிட்சிலிருந்து எழும் சிறு பொறிகூட வேண்டாம் என்பதற்காகவே இந்த எச்சரிக்கை. கேஸ் மணம் வந்தாலோ உள்ளே போகவே வேண்டாம்.

"போனில் டோர்ச் இருக்கிறதே" என்று இளையவர்கள் சொல்வார்கள். இருக்கிறதுதான். ஆனால் அந்த இரவில் போனுக்கு வேறு வேலை இருக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். அம்புலன்ஸ் தேவையென்றால் 1990 இற்கு அழைக்க வேண்டும். பிரிந்துபோன பிள்ளையைத் தேட வேண்டும். கறண்ட் எப்போது வரும் என்று தெரியாத நிலையில் போனின் சார்ஜை வெளிச்சத்துக்காகச் செலவழித்தால் இரண்டும் இல்லாமல் போய்விடும். போன் பேசுவதற்கு, டோர்ச் பார்ப்பதற்கு என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் சின்னது?

வாப்பாமாரின் காலத்து டோர்ச் உங்களுக்கு நினைவிருக்கும். பளபளக்கும் தகரக் குழாய். இரண்டு அல்லது மூன்று பெரிய பற்றரிகள். அந்தப் பற்றரிகள் இரண்டின் எடை மட்டுமே ஏறக்குறைய 200 கிராம். பழைய பல்புக்குள் இருந்த மெல்லிய கம்பி சூடாகி ஒளி தந்தது. பற்றரியின் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணானது. அதனால்தான் டோர்ச்சும் பெரிதாக இருக்க வேண்டியிருந்தது.

1993 இல் பிரகாசமான நீல எல்.ஈ.டி. உருவானது. சில ஆண்டுகளில் அதிலிருந்து வெள்ளை எல்.ஈ.டி. சந்தைக்கு வந்தது. நீல எல்.ஈ.டி.யைச் சாத்தியமாக்கிய ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று கடையில் கிடைக்கும் விரலளவு டோர்ச் ஒரேயொரு சிறு பற்றரியில் பழைய இரட்டைப் பற்றரி டோர்ச்சைவிட அதிக வெளிச்சம் தருகிறது. எல்.ஈ.டி.யில் அறுந்துபோகும் கம்பி கிடையாது. கீழே விழுந்தால் பல்ப் போய்விடும் என்ற பயமும் இல்லை.

சின்னதாக இருப்பதன் பெரிய நன்மை வேறொன்று. பெரிய டோர்ச் பாரம் என்று பையிலிருந்து எடுத்து வெளியே வைக்கப்படும். பிறகு தேவையான நேரத்தில் பையில் இருக்காது. சின்ன டோர்ச்சை யாரும் வெளியே எடுப்பதில்லை. பற்றரியோடு சேர்த்து 50 முதல் 80 கிராம் வரை எடையும், உங்கள் உள்ளங்கையின் அகலத்தைவிடச் சற்றே கூடிய நீளமும் கொண்ட ஒன்று அவசரப் பைக்குப் போதும்.

முதலில் பற்றரியைத் தெரிவு செய்யுங்கள்

கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் பார்ப்பது வெளிச்சத்தைத்தான். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பற்றரியை. காரணம், அவசரப் பையில் இருக்கும் டோர்ச் வருடத்தில் 364 நாட்களும் சும்மா இருக்கும். மிச்சமுள்ள ஒரு நாளில் தவறாமல் எரிய வேண்டும். அப்படி எரியுமா என்பதைத் தீர்மானிப்பது பற்றரிதான்.

எங்கள் ஊர்களில் "பென் டோர்ச் பற்றரி" என்று கேட்டால் தருவார்களே, அதுவே டபள் ஏ. நீளம் சுமார் 5 சென்றிமீற்றர். அல்கலைன் வகை என்றால் எடை சுமார் 23 கிராம். அதைவிட மெல்லியது ட்ரிபள் ஏ, டீ.வி. ரிமோட்டில் போடுவது. அதன் எடை இதில் பாதி. சக்தியும் ஏறக்குறையப் பாதிதான். இந்த இரண்டும் மூலை முடுக்கிலுள்ள சில்லறைக் கடையிலும் கிடைக்கும். முகாமில் மூன்றாம் நாள் இருக்கும்போது பற்றரி தீர்ந்தால், பக்கத்துக் கடையில் கேட்டு வாங்க முடிய வேண்டும். வீட்டு மணிக்கூட்டிலிருந்தோ ரேடியோவிலிருந்தோ கழற்றிப் போடவும் முடிய வேண்டும். கொழும்பில் மட்டும் கிடைக்கும் விசேட பற்றரி போடும் டோர்ச் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எனது சிபாரிசு ஒரேயொரு டபள் ஏ பற்றரியில் எரியும் எல்.ஈ.டி. டோர்ச். பை மிகச் சிறியதாக இருந்தால் அல்லது பிள்ளையின் பாடசாலைப் பைக்கு என்றால் ஒற்றை ட்ரிபள் ஏ. மூன்று ட்ரிபள் ஏ பற்றரிகளை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடுக்கிப் போடும் மலிவான டோர்ச்சுகள் கடைகளில் நிறைய உண்டு. மூன்றில் ஒன்று பழுதானாலும் டோர்ச் மங்கிவிடும். அந்தப் பிளாஸ்டிக் கூடும் சீக்கிரம் உடைந்துவிடும். ஒற்றைப் பற்றரியில் இந்தத் தொல்லை இல்லை.

பற்றரியிலும் வகை உண்டு

ஒரே அளவு என்பதால் எல்லாப் பற்றரியும் ஒன்றல்ல.

சாதாரண மலிவுப் பற்றரி: இதன் வெளிக்கூடு நாகத்தினால் ஆனது. மின்சாரம் தருவதற்காகக் கரைவதும் அந்த நாகமே. ஆகவே பழசாகும்போது கூடு ஓட்டையாகிக் கசிகிறது. சுவர் மணிக்கூட்டுக்குப் பரவாயில்லை. மாதக்கணக்கில் பைக்குள் கிடக்கும் டோர்ச்சுக்கு வேண்டாம்.

அல்கலைன்: இதைவிடப் பல மடங்கு நேரம் எரியும். பற்றரியின் உடலிலேயே காலாவதி ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். இதுவும் கசியும் என்பதை மறக்க வேண்டாம். எமது வெப்பத்திலும் ஈரத்திலும் இன்னும் சீக்கிரமாகவே கசியும்.

லித்தியம் (1.5 வோல்ற்): எடை சுமார் 15 கிராம்தான். கசிவது மிக அரிது. இருபது ஆண்டு வரை வைக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். விலை அதிகம். ஆனால் அவசரப் பைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வசதி இருந்தால் ஒன்று வாங்கி வையுங்கள். ஒரு எச்சரிக்கை: இதே அளவில் 3.7 வோல்ற் சார்ஜ் பற்றரியும் விற்கிறார்கள். அதைச் சாதாரண டோர்ச்சில் போட்டால் டோர்ச் கருகிவிடும். வோல்ற் எவ்வளவு என்று வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

சார்ஜ் செய்யும் நிக்கல் பற்றரி: தினமும் பாவிப்பவர்களுக்குச் சிக்கனமானது. சாதாரண வகை சும்மா இருக்கும்போதே மாதா மாதம் சார்ஜை இழந்துவிடும். வாங்குவதானால் சார்ஜை நீண்ட நாள் தக்கவைக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

சுவரில் குத்தி சார்ஜ் செய்யும் டோர்ச்சுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவான வகைகளில் பலவற்றுக்குள் இருப்பது ஈயப் பற்றரி. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அது செத்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் குத்தி வைத்தாலும் எரியாது. போன் வயரில் சார்ஜ் ஆகும் புதிய வகைகள் நல்லவைதான். தினமும் வீட்டில் பாவிக்க வாங்குங்கள். கறண்ட் இல்லாத ஊரில் சார்ஜ் தீர்ந்தால் அவை வெறும் குழாய்கள். கையால் சுற்றும் டைனமோ டோர்ச்சும், சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் டோர்ச்சும் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றுக்கு ஓயாத கை வேண்டும்; மற்றதற்கு வெயில் வேண்டும். பைக்குள் வெயில் அடிப்பதில்லை. வெள்ள நாட்களில் வானத்திலும் அடிப்பதில்லை.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

வெளிச்சத்தின் அளவை லூமன் என்ற அலகால் பெட்டியில் எழுதுகிறார்கள். ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய 12 லூமன் ஒளி தரும். அந்த ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது. டோர்ச் அதை ஒரு பக்கமாகச் சேர்த்துத் தருவதால் 10 லூமனிலேயே அறைக்குள் நடக்கலாம், மருந்துச் சீட்டை வாசிக்கலாம், குழந்தைக்குப் பால்மா கரைக்கலாம். இருட்டான பாதையில் மழையில் நடப்பதற்கு 50 முதல் 100 லூமன் இருந்தால் நல்லது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஒரு டபள் ஏ அல்கலைன் பற்றரி 100 லூமனில் ஏறக்குறைய ஒன்றிரண்டு மணித்தியாலமே எரியும். 10 லூமனுக்குக் குறைத்தால் அதே பற்றரி ஏறக்குறைய இருபது மணித்தியாலம் தாக்குப் பிடிக்கும். இரவுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் ஒரு வாரம். ஆகவே கூட்டிக் குறைக்கக்கூடிய டோர்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். முதல் அழுத்தில் குறைந்த வெளிச்சத்தில் எரிவது இன்னும் நல்லது. கண் கூசாது, பற்றரியும் மிஞ்சும். சிவப்பு எழுத்தில் "ஆயிரக்கணக்கான லூமன்" என்று அச்சடித்த மலிவான டோர்ச்சுகளை நம்ப வேண்டாம். ஒற்றைச் சிறு பற்றரியில் அவ்வளவு ஒளி வருவதற்கு வழியே இல்லை.

பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2009 இல் வந்த ஓர் அளவுமுறையின்படி, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரத்தையே எரியும் நேரம் என்று எழுதுகிறார்கள். எத்தனை மீற்றர் தூரம் என்று எழுதியிருப்பதும், பௌர்ணமி நிலவொளி அளவுக்கு வெளிச்சம் மங்கும் இடம் வரைக்கும்தான். எனவே எழுதியிருப்பதில் பாதியைப் பயனுள்ளது என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை

1. ஒரு கையால் எரித்து, அதே கையால் அணைத்துப் பாருங்கள். மறு கையில் எப்போதும் ஏதாவது இருக்கும்.

2. கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தேடிப் பாருங்கள். வீட்டிலுள்ள வயதான உம்மாவின் விரலால் அதை அழுத்த முடியுமா என்றும் யோசியுங்கள். மிகவும் இறுக்கமான சுவிட்ச் அவருக்குச் சரிவராது.

3. சுவிட்ச் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பைக்குள் தானாக அழுந்தி, யாருக்கும் தெரியாமல் எரிந்து தீர்ந்துவிடும். உள்ளடங்கிய சுவிட்ச், அல்லது தலையைத் திருகி எரிக்கும் வகை சிறந்தது.

4. திருகும் இடத்தில் கறுப்பு றப்பர் வளையம் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது அதுவே. பெட்டியில் ஐ.பீ.எக்ஸ். 4 என்றிருந்தால் மழைத் தூறலைத் தாங்கும். ஐ.பீ.எக்ஸ். 7 என்றிருந்தால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் பழுதாகாது. வெள்ளத்துக்கென்று வாங்குபவர்கள் 7 ஐத் தேடுங்கள்.

5. கயிறு கோர்க்க ஒரு துளை இருக்கிறதா? கழுத்தில் மாட்டிய டோர்ச் தண்ணீரில் விழுந்து தொலைவதில்லை.

6. நிறம் என்ன? கறுப்பு அழகுதான், ஆனால் சேற்றில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள், செம்மஞ்சள் நிறங்கள் கிடைத்தால் எடுங்கள். கறுப்பு மட்டுமே கிடைத்தால் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நாடாவைக் கட்டிவிடுங்கள்.

7. டோர்ச்சை மெதுவாக உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தால் உள்ளே தொடுப்பு சரியில்லை. வைத்துவிட்டு வாருங்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை

சாவிக்கொத்தில் தொங்கும் மிகச் சிறிய டோர்ச்சுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் காசு போன்ற தட்டையான பட்டன் பற்றரி இருக்கும். பாரமே இல்லை என்பதால் பலர் அவற்றை விரும்புகிறார்கள். ஆனால் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் மிகவும் கவனம் வேண்டும். 20 மில்லிமீற்றர் அகலமான அந்த லித்தியம் பற்றரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே கடுமையான புண்ணை ஏற்படுத்தும். உயிருக்கே ஆபத்து. பழைய, எரியாத பற்றரியும் இதைச் செய்யும்.

பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், "காலையில் பார்ப்போம்" என்று இராமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். "பட்டன் பற்றரி" என்று முதல் வார்த்தையிலேயே டொக்டரிடம் சொல்லுங்கள். இந்த வகை டோர்ச் வாங்கியே ஆகவேண்டும் என்றால், சிறு ஆணி பூட்டி மூடிய வகையை மட்டும் வாங்குங்கள். நகத்தால் திறக்கக்கூடியது வேண்டவே வேண்டாம்.

வாங்கியதோடு முடியவில்லை

நல்ல டோர்ச்சைக் கெடுப்பது உள்ளே மறந்துவிடப்பட்ட பற்றரிதான். ஆகவே பைக்குள் வைக்கும்போது பற்றரியைக் கழற்றி, சிறு பொலித்தீன் பையில் சுற்றி, டோர்ச்சோடு சேர்த்து றப்பர் பட்டி போட்டு வையுங்கள். இருட்டில் பற்றரி போடத் தடுமாறுபவர் வீட்டில் இருந்தால் வேறொரு வழி உண்டு. பற்றரியை உள்ளேயே வைத்து, அதன் முனையில் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டைச் செருகி, நுனியை வெளியே தெரியும்படி விடுங்கள். பிளாஸ்டிக் துண்டு இருக்கும் வரை மின்சாரம் ஓடாது. இழுத்து எடுத்துவிட்டுத் திருகினால் எரியும். கசிவுப் பயம் குறைவான லித்தியம் பற்றரிக்கே இந்த முறை நல்லது.

மாற்றுப் பற்றரி ஒன்றாவது வையுங்கள். எல்லாப் பற்றரியிலும் வாங்கிய மாதத்தைப் பேனாவால் எழுதுங்கள். புதியதையும் பழையதையும் கலந்து போட வேண்டாம். அல்கலைன் பற்றரி கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால், வெறுங்கையால் தொடாமல், தேசிக்காய்ச் சாற்றிலோ வினாகிரியிலோ நனைத்த துணியால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். பல வேளைகளில் டோர்ச் பிழைத்துக்கொள்ளும்.

மாதம் ஒரு முறை எரித்துப் பாருங்கள். "எந்த நாளில் என்று நினைவிருக்காதே" என்பவர்களுக்கு ஒரு யோசனை: கரண்ட் பில் வரும் நாளை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரவில்

டோர்ச்சை எப்படிப் பாவிப்பது என்பதற்கும் சில வார்த்தைகள். முகாமாகிய பாடசாலை மண்டபத்திலோ பள்ளிவாசலிலோ தங்க நேர்ந்தால், டோர்ச்சின் மேல் வெள்ளை ஷொப்பிங் பேக் ஒன்றைப் போர்த்தினால் அது ஒரு சிறு விளக்காகிவிடும். தண்ணீர் நிரம்பிய வெள்ளைப் போத்தலின் கீழே நிறுத்தி வைத்தாலும் வெளிச்சம் பரவும். மனிதர்களின் முகத்தில் அடிக்க வேண்டாம். காப்பாற்ற வருபவரின் கண்ணில் அடித்தால் அவருக்கு எதுவும் தெரியாமல் போகும்.

உதவி தேவையென்றால் மூன்று முறை மின்னவிட்டு நிறுத்துங்கள். மீண்டும் மூன்று முறை. உலகெங்கும் ஆபத்து என்று விளங்கிக்கொள்ளப்படும் சைகை இது. விசிலையும் மூன்று முறை ஊதுங்கள். இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே சொல்லிக்கொடுங்கள். அவர்கள் மறக்க மாட்டார்கள். தண்ணீருக்குள் நடக்கும்போது வெளிச்சத்தை அடுத்த அடி வைக்கும் இடத்தில் வையுங்கள். ஓடும் தண்ணீரில் இறங்க வேண்டாம். வெள்ளம் புகுந்த வீட்டில் மின் சுவிட்சுகளைத் தொட வேண்டாம். டோர்ச் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் போகக் கூடாத இடத்துக்குப் போவதும் தவறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பகுதிக்கு மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், இருட்டும் வரை காத்திராமல் வெளிச்சம் இருக்கும்போதே வெளியேறுங்கள். எந்த டோர்ச்சும் பகல் வெளிச்சத்துக்கு ஈடாகாது.

சகோதரிகளே, எமது வீடுகளில் இத்தகைய ஏற்பாடுகள் பெரும்பாலும் பெண்களின் கையில்தான் இருக்கின்றன. அரிசி தீர்வதற்கு முன் அரிசி வாங்கி வைக்கும் அதே கவனம்தான் இதற்கும் தேவை. மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன டோர்ச், இரண்டு நல்ல பற்றரி, கழுத்தில் மாட்ட ஒரு கயிறு. இவற்றை வாங்கி அவசரப் பையின் வெளிப்பக்க பொக்கற்றில், எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். பிறகு வீட்டிலுள்ள எல்லோரையும், ஏழு வயதுப் பிள்ளையையும் எழுபது வயது மூத்தம்மாவையும், ஒருவர் பின் ஒருவராக அழைத்து, லைட்டை அணைத்துவிட்டு அதை எடுத்து எரிக்கச் சொல்லுங்கள். எல்லோரும் எரித்துக் காட்டிய பிறகே அந்த டோர்ச் உங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்லலாம்.